வருடம் எழுதாத பூகம்பம்

எங்கள் ஊர் சாந்தா ருஃபீனாவில் யாரிடமாவது எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தேதி வராது. "பூகம்பத்துக்கு முந்தின மாசம்" என்று பதில் வரும். எந்தப் பூகம்பம் என்று திருப்பிக் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பூகம்பம் என்றால் பூகம்பம்தான், அதில் எது என்று என்ன கேள்வி. என் மாமியாருக்கு அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் வந்தது. என் பெரிய அண்ணனுக்கு அறுபதில். எனக்கு எண்பத்தைந்தில். என் மகளுக்கு இரண்டாயிரத்துப் பத்தில். சிலே நாட்டில் தலைமுறைக்கு ஒன்று தவறாமல் வந்து சேரும். தன் பங்குக்கு வந்ததுதான் அசல், மற்றதெல்லாம் சும்மா ஒரு குலுக்கல் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

இந்த நினைப்பால் நாங்கள் ஒரு மைதானத்தையே இழக்கப் பார்த்தோம்.

என் பெயர் ஒதீலியா கன்சீனோ. ரொட்டி சுடுவது தொழில். மூன்று முக்கு கால்பந்துச் சங்கத்துக்குப் பதினெட்டு வருடமாகச் செயலாளர். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. எங்கள் சங்கத்தின் மரச் சின்னத்தில் ஒரு பந்து, ஒரு நட்சத்திரம், அதன் கீழே ஒரு வரி செதுக்கியிருக்கும்: 'பூகம்பம் கழிந்து எட்டாம் நாள் பிறந்தது.' வருடம் இல்லை. சங்கத்தை ஆரம்பித்த பதினோரு பேருக்கும் வருடம் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. இன்னொரு பூகம்பம் வந்து தங்களுடையதோடு குழம்பிப் போகும் என்று அவர்கள் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் அந்தப் பதினோரு பேரையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு குட்டு வைக்க வேண்டும் என்று எனக்குப் பல நாள் ஆசை.

ஆற்றோரத்து மைதானம் பண்ணைக்காரி தோன்யா லெயோனோருக்குச் சொந்தம். பெரியவர்களை எங்கள் ஊரில் பெண் என்றால் தோன்யா, ஆண் என்றால் தோன் என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவோம். சொந்தம் அவளுக்கு, கால் வைக்கும் உரிமை ஊருக்கு. பூமி ஆடினால் சாந்தா ருஃபீனா முழுவதும் அங்கேதான் ஓடும். பக்கத்தில் கட்டடம் இல்லை, மின்கம்பம் இல்லை, தலையில் விழுவதற்கு வானத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எண்பத்து நாலில் அந்த அம்மாள், மாடு நுழையக் கூடாது என்று, வடக்குப் பக்கம் ஓர் ஆளுக்கு மேல் உயரமாகச் செங்கல் மதில் எழுப்பினாள். மறு வருடம் மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பூமி ஆடியது. ஊர் பழக்கப்படி ஓடியது. மதிலில் ஒரே ஒரு வாசல். உள்ளே போக நெருக்கியடித்து நின்றவர்கள் மேல் மதில் சாய்ந்தது. இரண்டு பேர் போனார்கள். அதில் ஒருவன் என் தம்பி நொலாஸ்கோ. பத்தொன்பது வயது. வீடு இடிந்து செத்திருந்தால் விதி என்று விட்டிருப்பேன். தப்பிக்கப் போன இடத்தில் செத்தான். எனக்கு அது ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை.

தோன்யா லெயோனோர் அந்த வாரமே மிச்ச மதிலை இடித்துச் செங்கல்லை ஆற்றில் கொட்டச் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கம் அவள் வந்ததே இல்லை. இரண்டாயிரத்துப் பதினொன்றில் செத்துப்போனாள். உயிலில் ஒரு வரி இருந்தது: 'ஆற்றோரத்து மைதானம் ஊரின் மிகப் பழைய விளையாட்டுச் சங்கத்துக்குச் சேரும், அவர்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும்.' மதில் கூடாது என்று இன்னொரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

ஊரில் இரண்டு சங்கங்கள். ஒன்று நாங்கள். இன்னொன்று ரயில்வே சங்கம். அவர்களிடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் முத்திரை குத்திய சான்றிதழ் இருந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ரிகோபெர்த்தோ அஸ்தேத்தே. கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்தால் நிம்மதியாகச் சபித்துவிட்டுப் போகலாம். மைதானம் கையில் வந்ததும் சுற்றி மதில், இரும்புக் கதவு, உட்கார்ந்து பார்க்கப் படிக்கட்டு, தலைநகரத்தில் இருப்பதுபோல நுழைவுச் சீட்டு என்று வரைபடமே போட்டு வைத்திருந்தார். நான் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"மதில் வேணாம் தோன் ரிகோபெர்த்தோ. கம்பி வேலி போடுங்க, செடி வச்சுக்குங்க, யாரு கேட்டா?"

"ஒதீலியா, உன் வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா எண்பத்தஞ்சுல விழுந்தது வெறும் செங்கல்லு. நான் உள்ள கம்பி குடுத்துக் கட்டப்போறேன். அசையாது."

"அந்த மேஸ்திரியும் இதையேதான் சொன்னாரு."

"எல்லா மேஸ்திரியும் ஒண்ணா?"

"எத்தனை வாசல்?"

"ரெண்டு. தாராளமாப் போதும். சாயங்காலம் ஆட்டம் முடிஞ்சா பூட்டிருவோம். இல்லேன்னா குடிகாரனுங்க உள்ள வந்து படுத்துக்குவானுங்க."

"பூகம்பம் வந்தா உங்ககிட்ட வந்து சாவி கேக்கணுமா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் சங்கம்தான் பழசுன்னு காட்டு. மதிலே வேணாம்னு நீயே முடிவு பண்ணிக்க. காட்ட முடியலையா, பேசாமப் போய் ரொட்டியைச் சுடு."

காட்ட எங்களிடம் என்ன இருந்தது? இரண்டாயிரத்துப் பத்து பூகம்பத்தில் எங்கள் சங்கக் கட்டடம் மண்ணோடு மண்ணாகப் போனது. பச்சைமண் கல்லால் கட்டிய சுவர், அவ்வளவு ஆட்டத்தைத் தாங்காது. பெட்டியைத் தோண்டி எடுத்தபோது குறிப்பேடுகள் சேறாகக் கிடந்தன. ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் நான் அவற்றை ஒவ்வொன்றாக உலர்த்தினேன். பெரும்பாலானது உதிர்ந்துவிட்டது. தப்பித்தது முதல் குறிப்பேட்டின் முதல் பக்கம் மட்டும். அதிலும் வருடம் இல்லை. 'பூகம்பம் கழிந்து எட்டாம் நாளாகிய இன்று' என்று ஆரம்பித்து, சட்டதிட்டம் எழுத வேண்டிய இடத்தில் ஊர்க்கதை எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் தலைவர் பெலார்மினோ வெர்துகோவுக்கு அதை வெளியே காட்டவே வெட்கம். அவருடைய தாத்தா அந்தப் பதினோரு பேரில் ஒருவர்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு குரிக்கோ நகரத்து வக்கீல் ஃபபியோலா ஒயார்சோவிடம் இருந்தது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மார்ச் இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் விசாரணை. நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

அஸ்தேத்தே கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். வக்கீலம்மா படித்துப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"உங்க சங்கம் எந்த வருஷம்?"

பெலார்மினோ எழுந்தார். எழுபத்தொன்பது வயது. அன்றைக்கென்று டை கட்டி வந்திருந்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு, வக்கீலம்மா. எங்க தாத்தா எலெயுத்தேரியோ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு. அவரே என்கிட்ட சொல்லியிருக்காரு."

"எழுத்துல இருக்கா?"

"வாயில இருக்கு."

"வாய் யாருக்குத்தான் இல்ல," என்றார் அஸ்தேத்தே. இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்தே சண்டை. "யோவ் வெர்துகோ, உன் தாத்தா இருபத்தெட்டுப் பூகம்பத்துலயும் உசுரோட இருந்தாரு, முப்பத்தொன்பதுலயும் இருந்தாரு. பூகம்பம்னாரு சரி, எதுன்னு சொன்னாரா? நீயா ஆறுன்னு எடுத்துக்கிட்டே. தால்கா நகரத்தைத் தரைமட்டமாக்கின இருபத்தெட்டுதான் இந்த ஊரையும் இடிச்சுது. மாதா கோயில் விழுந்தது அப்பத்தான். உங்க சங்கம் முளைச்சதும் அப்பத்தான். எங்களுக்கு ஏழு வருஷம் பின்னாடி."

"உன் கோயில் கதையைத் தூக்கி..."

"தோன் பெலார்மினோ," என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். "ஏதாவது காகிதம் இருந்தா குடுங்க. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பெலார்மினோ என்னைப் பார்த்தார். நான் அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தை எடுத்தேன். மாவு சலிக்கும் துணியில் சுற்றி வைத்திருந்தேன். தொட்டால் உதிரும், அதனால் நானே படிக்கிறேன் என்றேன்.

'பூகம்பம் கழிந்து எட்டாம் நாளாகிய இன்று, கோயில் முற்றத்துச் சேற்றில் பதினோரு பேர் கூடிக் கால்பந்துச் சங்கம் ஒன்று தொடங்கினோம். பந்து இனிமேல்தான் வாங்க வேண்டும். பூகம்பத்தின்போது யார் எங்கே இருந்தோம் என்பது மறந்துபோகாமல் இருக்க இங்கே எழுதப்படுகிறது. எலெயுத்தேரியோ வெர்துகோ ஆலையிலிருந்து மாவு மூட்டையோடு வண்டியில் வந்துகொண்டிருந்தார். மாடுகள் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டன. நாவிதர் கிரிசாந்தோ, தபால்காரர் மமெர்த்தோவுக்குக் கழுத்தில் சவரம் செய்துகொண்டிருந்தார். மமெர்த்தோ இப்போது உயிரோடு நம்முடன் இருப்பது கிரிசாந்தோவின் கைக்குப் புகழ். தையல்காரர் ஒனோஃப்ரே, கோயில் சாமியாருக்கு அங்கி அளவு எடுத்துக்கொண்டிருந்தார். பாஸ்குவால் தன் பிள்ளைக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். தெமெத்ரியோ, மழைக்கு இதமாகப் பெண்டாட்டி பொரித்துக்கொண்டிருந்த சோபைப்பியாவுக்குத் தட்டோடு காத்திருந்தார். சட்டி கவிழ்ந்தது, இன்னும் அந்த வருத்தம் போகவில்லை. எவாரிஸ்தோ, நாவிதரின் மகளிடம் ஜன்னல் வழியாகக் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வருவதற்குள் பூமி ஆடியது. பதில் இன்றுவரை வரவில்லை...'

மிச்ச நாலு பேரையும் படித்து முடித்தபோது அறை முழுவதும் சிரித்தது. வக்கீலம்மாவும் சிரித்தாள். அஸ்தேத்தே மட்டும் கையை விரித்தார்.

"இது சங்கக் குறிப்பா, கிணத்தடிப் பேச்சா? இதுல எங்க இருக்கு வருஷம்?"

இல்லைதான். வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பை எடுத்தாள். "ரொம்ப அழகா இருக்கு. ஆனா நான் அழகுக்கு நிலம் எழுதிக் குடுக்க முடியாது. வருஷம் போட்ட ஆவணம் ஒண்ணுதான் என் முன்னாடி இருக்கு." அவள் பேனாவைத் திறந்தாள். இரும்புக் கதவும் அதில் தொங்கும் பூட்டும் என் கண் முன்னால் வந்து நின்றன.

ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் தான் பூகம்பத்தின்போது எங்கே இருந்தார் என்று சொல்லிவிட்டால், கேட்டவர் தன்னுடையதைச் சொல்லாமல் விடமாட்டார். கொட்டாவி மாதிரி அது தொற்றிக்கொள்ளும். கறிக்கடைக்காரி திரான்சித்தோ பின் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தாள்.

"எவாரிஸ்தோ பாவம். நான் பத்துல நல்ல தூக்கத்துல இருந்தேன், அலமாரி வந்து கட்டில்மேல உக்காந்துச்சு."

"நானும் தூங்கிட்டுத்தான் இருந்தேன். கதவு சிக்கிக்கிச்சு."

"நான் தூக்கத்துல எங்க வீட்டுக்காரரு உதைக்கிறாருன்னு நெனச்சு ரெண்டு திருப்பி விட்டேன்."

"அமைதியா இருங்க," என்றாள் வக்கீலம்மா. யார் கேட்டார்கள்? எல்லோரும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பத்தில் அது வந்தது விடியற்காலை மூன்றரை மணிக்கு. வேறு என்ன செய்துகொண்டிருப்பார்கள்?

கையில் இருந்த பக்கத்தைப் பார்த்தேன். ஒருவர் வண்டியில், ஒருவர் சவரத்தில், ஒருவர் சூப்பில். பதினோரு பேரும் பதினோரு வேலையில் இருந்தார்கள். ஒருவர்கூடப் படுக்கையில் இல்லை.

"தோன் ரிகோபெர்த்தோ," என்றேன். "ஒரு சந்தேகம். இருபத்தெட்டுல உங்க அப்பா எங்க இருந்தாரு?"

பெலார்மினோ என் முழங்கையை இடித்தார். "ஏம்மா அந்தக் கதையைக் கிளப்பி விடுறே? மத்தியானச் சாப்பாடு போயிரும்."

அதுதான் எனக்கும் தெரியுமே. அஸ்தேத்தேயிடம் எதை வேண்டுமானாலும் மறுக்கச் சொல்லலாம், அவருடைய அப்பாவின் பூகம்பத்தை மட்டும் மறுக்கவே மாட்டார். சாவு வீட்டிலும் சொல்வார், கல்யாண வீட்டிலும் சொல்வார். வக்கீலம்மா பக்கம் வசதியாகத் திரும்பி நின்றுகொண்டார்.

"எங்க அப்பா அப்தோன் அஸ்தேத்தேவுக்கு அப்ப இருபத்து நாலு வயசு. டிசம்பர் ஒண்ணு பிறந்து ஆறு நிமிஷம் ஆகியிருக்கும். ஊரே பிணம் மாதிரி தூங்குது. ஒரு ஜன்னல்ல விளக்கு இல்ல. பூமி ஆரம்பிச்சுது. அப்பா சட்டையோட வெளிய பாஞ்சாரு. எல்லாரும் பாஞ்சாங்க. இருட்டுல யாரு யாருன்னு குரலை வச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். மைதானத்துல போய்க் குவிஞ்சாங்க, விடியிறவரைக்கும் ஜெபம் பண்ணினாங்க. விடிஞ்சப்புறம்தான் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க." இங்கே அவர் எப்போதும் போல நிறுத்தினார். "ஊர்ல கால்சட்டை போட்டவன் ஒருத்தன் இல்ல. மேயர் பெண்டாட்டியோட ராத்திரி கவுன்ல நிக்கிறாரு. சாமியார் மேஜை விரிப்பைச் சுத்திக்கிட்டு ஆசீர்வாதம் பண்றாரு. எங்க அப்பா சாகிறவரைக்கும் சொல்லுவாரு, அன்னிக்கு சாந்தா ருஃபீனாவுல மொத்தம் பத்து பொத்தான்கூடத் தேறாதுன்னு."

அறை மறுபடி சிரித்தது. நூறாவது முறையாக இருந்தாலும் அந்தக் கதை நல்ல கதைதான். நான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

"இந்தக் காகிதத்துல பதினோரு பேரும் கால்சட்டையோட இருக்காங்க தோன் ரிகோபெர்த்தோ," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"நடுராத்திரியில எந்த நாவிதரு சவரம் பண்ணுவாரு? ஊரே தூங்குறப்ப யாரு ஜன்னல்ல நின்னு கல்யாணம் கேப்பா? சாமியாருக்கு அங்கி அளவெடுத்துட்டு இருந்தாங்கன்னு எழுதியிருக்கு, மேஜை விரிப்புக்கு அளவெடுத்தாங்கன்னு எழுதல. பச்சப்புள்ளைக்கு சூப் ஊட்டுற நேரம் எது, பிள்ளை பெத்தவங்க சொல்லுங்க. அப்புறம் சோபைப்பியா. நான் ரொட்டிக்காரி, எனக்குத் தெரியும். மழை பெஞ்சாத்தான் நம்ம ஊர்ல பூசணி மாவு பிசைவாங்க. டிசம்பர் நடுக்கோடை வெயில்ல எவ எண்ணெய்ச் சட்டி வைப்பா?"

"ஒருத்தியும் வைக்கமாட்டா," என்றாள் திரான்சித்தோ.

"முப்பத்தொன்பதுல வந்ததும் ஜனவரிக் கோடை, அதுவும் ராத்திரி பதினொன்றரைக்கு. எங்க மாமியார் படுக்கையிலிருந்துதான் எழுந்து ஓடினாங்க. இது அதுவும் இல்ல. இது மழைக்காலம், சாயங்காலம் விளக்கு வச்ச நேரம்."

வக்கீலம்மா மெதுவாக எழுந்தாள்.

"நான் வால்பராய்சோக்காரி," என்றாள். "ஆறுல வந்தது எங்க ஊர்ப் பூகம்பம். ஆகஸ்டு பதினாறு, நம்ம மழைக்காலம். எங்க கொள்ளுத்தாத்தா கடையும் வீடும் அதுலதான் எரிஞ்சுது. மழை தூறிட்டு இருந்துச்சு. சாயங்காலம் மணி ஏழு அம்பத்தஞ்சு. எங்க ஊர்ல அந்த மணி தெரியாத பிள்ளை கிடையாது." அவள் அஸ்தேத்தே பக்கம் திரும்பினாள். "ஐயா, நேர்மையாச் சொல்லுங்க. உங்க அப்பா சொன்னதுல கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாமா? அன்னிக்கு ராத்திரி ஊர்ல சில பேராவது முழிச்சிருந்திருக்கலாம் இல்லையா?"

மைதானம் அப்போது அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஆமாம், அப்பா கொஞ்சம் மிகைப்படுத்துவார் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் காகிதம் வெறும் கிணற்றடிப் பேச்சாகிவிடும். அஸ்தேத்தே தன் சான்றிதழைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"எங்க அப்பா பொய் சொன்னவர் இல்ல," என்றார். "ஒரு விளக்கு எரியல. ஒருத்தர் முழிச்சிருக்கல." சான்றிதழைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

வக்கீலம்மா உட்கார்ந்து எழுதினாள். மூன்று முக்கு கால்பந்துச் சங்கம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு, ஆகஸ்டு. அவள் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அந்த அறையில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, பூமிதான் ஆடுகிறதோ என்று பக்கத்து வகுப்புக் குழந்தைகள் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டனவாம். பெலார்மினோ என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். வக்கீலம்மாவுக்கும் கொடுத்தார். டையை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுழற்றினார். நான் பக்கத்தைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். ஆளுக்கு ஒரு குட்டு வைக்க நினைத்த அந்தப் பதினோரு பேரையும் அப்போது வரிசையாக நிறுத்தினால் ஒவ்வொருவர் காலிலும் விழுந்திருப்பேன்.

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. கொஞ்சம் தாழ்வாக ஒரு மதில் மட்டும் கட்டலாமே, பந்து ஆற்றில் போகிறது என்று ஒருவன் எழுந்தான். பெலார்மினோ அவனை ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்துவிட்டான். மைதானத்தின் நாலு பக்கமும் எந்தக் காலத்திலும் திறந்தே இருக்கும் என்று தீர்மானம் எழுதினோம். எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெற்றி ஆட்டம் வைத்தோம். யாரோடு ஆடுவது? ஊரில் இருப்பது இன்னொரு சங்கம்தானே. ரயில்வேக்காரப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுக்கு இதில் ஒரு வன்மமும் இல்லை. அஸ்தேத்தே வரவில்லை. மூட்டு வலி என்று சொல்லி அனுப்பினார். அவர் மூட்டில் ஒரு வலியும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இடுப்பு உடைந்து நடக்க முடியாமல் இருப்பது அவர் மனைவி எர்மிந்தாதான்.

ஆட்டம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது, வழக்கம்போல. இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். நான் எல்லைக் கோட்டோரம் மேசை போட்டு இறைச்சி வைத்த ரொட்டி விற்றுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மணி ஏழு முப்பத்தேழு. கீழேயிருந்து முதலில் அந்த உறுமல் வந்தது. அடுத்த நொடி மேசை என் கையை விட்டு நகர்ந்தது.

சின்னதாக இருந்தால் நாங்கள் எழுந்திருக்கவே மாட்டோம், பேச்சைக்கூட நிறுத்த மாட்டோம். இது சின்னது இல்லை. ஆட்டக்காரர்கள் காலை அகட்டி நின்றார்கள். கோல் கம்பம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. ஊருக்குள்ளிருந்து ஓடு சரியும் சத்தம் கேட்டது, பிறகு சுவர் விழும் சத்தம். பிறகு ஜனங்கள் வந்தார்கள்.

ஆற்றுப் பக்கமிருந்து வந்தார்கள், கோயில் தெருவிலிருந்து வந்தார்கள், தண்டவாளத்தைத் தாண்டி வந்தார்கள். வடக்கே ஆலைத் தெருவிலிருந்து ஒரு கூட்டம் நேராக வந்தது. கைப்பிள்ளையோடு பெண்கள், கிழவர்களைத் தோளில் சுமந்த ஆண்கள். ஒருவரும் எங்கும் நிற்கவில்லை. ஒருவரும் வாசல் தேடவில்லை. நொலாஸ்கோ கிடந்த இடத்தின்மேல் பிள்ளைகள் கால் பாவாமல் ஓடி உள்ளே வந்தார்கள். மேலே வானம் மட்டும் இருந்தது. நான் ஓவென்று அழுதேன். துக்கத்தில் இல்லை. இருபத்தேழு வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

பூமி ஓய்ந்ததும் முதல் சத்தம் வழக்கமான சத்தம்தான், ரிக்டர் அளவில் எவ்வளவு என்று.

"ஆறு புள்ளி எட்டு இருக்கும்."

"போடா, ஏழுக்குக் குறையாது."

"ஏழு ஒண்ணு. பந்தயம்."

எண்ணிப் பார்த்தோம். முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தெருவில் ஓடு பட்டு ஒருவனுக்குத் தோளில் காயம். மைதானத்தில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

கடைசியாக அஸ்தேத்தே வந்தார். சாப்பாட்டு நாற்காலியில் எர்மிந்தாவை உட்கார வைத்து, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரனும் தூக்கி வந்தார்கள். மைதானத்தின் நடுவட்டத்தில் நாற்காலியை இறக்கினார். தலையெல்லாம் மண். பெலார்மினோ அவர் பக்கமாக நடந்தார்.

"எங்க வீட்டுச் சுவர் ரெண்டும் போச்சுய்யா," என்றார் அஸ்தேத்தே.

"நீ இருக்கேல்ல. எர்மிந்தா இருக்கா. சுவர் கிடக்குது போ."

அஸ்தேத்தே சுற்றிப் பார்த்தார். வடக்கே இன்னும் சில பேர் வந்துகொண்டிருந்தார்கள், ஒரு கிழவியைத் தள்ளுவண்டியில் வைத்து. அவர்கள் உள்ளே வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு வாசல் போதும்னு நெனச்சேன்யா," என்றார். "இவளைத் தூக்கிட்டு நான் எந்த வாசல்ல நின்னிருப்பேன்?"

பெலார்மினோ எல்லைக் கோட்டிலிருந்து தன் சொந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எர்மிந்தாவுக்குப் பக்கத்தில் போட்டார். "உக்காரு. நடுவட்டத்துல வேணாம், கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காரு. ஆட்டம் முடிய இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு. உன் பசங்க ஒரு கோல் பின்னாடி நிக்கிறானுங்க, கத்தி விட ஒரு ஆள் இல்ல."

நான்கு பேர் சேர்ந்து எர்மிந்தாவின் நாற்காலியைத் தூக்கி நகர்த்தினார்கள். நான் அவளுக்கு ஒரு ரொட்டி கொடுத்தேன். அஸ்தேத்தே மண்ணைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நடுவர் விசில் ஊதினார். பூமி இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. முந்நூறு பேர் சுற்றி நிற்க, அஸ்தேத்தே எழுந்து நின்று தன் பிள்ளைகளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.